மலைமேல் போட்ட பழி

"லைட்டைச் சுத்தி வளையமாத் தெரியுது கண்ணு, வானவில்லாட்டம்" என்று ஆயா சொன்னது 2021 கார்த்திகையில். ஏற்காட்டில் அந்த மாதங்களில் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் பனி இறங்கிவிடும். எந்தத் தெருவிளக்கைப் பார்த்தாலும் அதைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டம் நிற்கும், அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். "பனி ஆயா அது" என்று சொல்லிவிட்டு நான் சாப்பாட்டைத் தொடர்ந்தேன். ஆயாவும் அதற்குமேல் பேசவில்லை. ஆனால் அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது தெருவிளக்கை இல்லை, அடுப்படியில் தொங்குகிற பல்பை. வீட்டுக்குள் ஏது பனி என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவளுடைய வலது கண் போய்விட்டது. மங்கிப்போகவில்லை, முழுசாகப் போய்விட்டது. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு. அதற்கு முந்தைய ஐந்து நாள் அவள் பட்ட வலியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை நடுங்கும்.

ஆயா என் அம்மாவின் அம்மா. நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் ஐம்பது வருஷம் வேலை பார்த்தவள். சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் கார்த்திகையில் ஆரம்பித்து மாசி வரைக்கும் பறிப்பார்கள். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, கிளையை வளைத்து, சிவந்த பழத்தை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும், பச்சைக் காய் பையில் விழக் கூடாது. சாயங்காலம் எடை போடும்போது மேஸ்திரி கையை விட்டுக் கிளறிப் பார்ப்பார். ஆயாவின் பையில் ஒரு காய் இருக்காது என்று தோட்டத்தில் பேர். அப்படிப்பட்டவள் பையில் 2019 பறிப்பில் பாதிக்குப் பாதி காய் கிடந்தது. மேஸ்திரி சத்தம் போட்டதும் ஆயா மறுநாளிலிருந்து வேலைக்குப் போகவில்லை. "வயசாயிடுச்சு, இனிப் போதும்" என்றாள். நாங்களும் சந்தோஷப்பட்டோம், இத்தனை வருஷம் உழைத்தது போதும் ஓய்வெடுக்கட்டும் என்று. காய்க்கும் பழத்துக்கும் நிறம் தெரியாமல் போனதால்தான் அவள் நின்றாள் என்பது எங்களில் ஒருவருக்கும் எட்டவில்லை.

புரை இருப்பது தெரியாமல் இல்லை. 2018-ல் ஏற்காட்டில் ஒரு கண் பரிசோதனை முகாம் நடந்தது. அங்கே பார்த்துவிட்டு, "இரண்டு கண்ணிலும் புரை ஆரம்பித்திருக்கிறது, வலதுதான் கொஞ்சம் அதிகம், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள்" என்றார்கள். சீட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது, அந்தச் சீட்டை நான் அப்புறம் தகரப் பெட்டியில் தேடி எடுத்துப் படித்தேன். ஆனால் முகாமிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியிலேயே அந்தச் சேதி மாறிவிட்டது. கூடப் போன பக்கத்து வீட்டு அக்கா, மாமா, டீக்கடையில் விசாரித்தவர்கள் என்று ஒவ்வொரு வாயாகக் கடந்து வரும்போது அது "முத்தட்டும், முத்தினப்புறம் எடுத்துக்கலாம்" என்று ஆகிவிட்டது. ஆயாவுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. "காயைப் போய்ப் பறிப்பாங்களா? பழுத்தாத்தான் எடுப்பாங்க" என்றாள். வாழ்நாள் முழுக்கப் பழுத்ததை மட்டுமே பறித்தவளுக்கு அது எவ்வளவு நியாயமாகப் பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இந்த "முத்தட்டும்" ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்ன வார்த்தைதான், அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்து அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸை அதன் உறையோடு அப்படியே வெளியே எடுப்பார்கள். முற்றினால்தான் அது சுலபமாகக் கழன்று வரும். பெரிய வெட்டு, தையல், தலையை அசைக்காமல் நாள்கணக்கில் படுக்கை, அப்புறம் ஆயுசுக்கும் சோடாபுட்டிக் கண்ணாடி. எடுத்த லென்ஸுக்குப் பதிலாகச் செயற்கை லென்ஸ் வைக்கலாம் என்று லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949-லேயே செய்து காட்டிவிட்டார். ஆனாலும் அது நம் ஊர் ஏழைக்கு எட்டுகிற விலைக்கு வர 1990-கள் ஆயிற்று. 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த டாக்டர் ஜி. வெங்கடசாமியின் குழுவினர் 1992-ல் அங்கேயே ஆரோலேப் என்று ஒரு தொழிற்கூடம் வைத்து லென்ஸைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் விலை மளமளவென்று இறங்கியது. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகும் அந்த விரல்களைப் பழக்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தவர் அவர். இன்றைக்குச் சின்னத் துளை போட்டு, புரையை உடைத்து உறிஞ்சி, அந்த உறைக்குள்ளேயே மடிக்கிற லென்ஸை வைத்துவிட்டு அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். முற்றிக் கல்லாக இறுகிவிட்டால்தான் இப்போது கஷ்டம். வைத்தியம் தலைகீழாக மாறி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, சொல் மட்டும் மலையில் அப்படியே நின்றுவிட்டது.

2019-ல் ஒன்று நடந்தது. ஆயா கண்ணாடி போடாமலே அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். பத்து வருஷமாகக் கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி போட்டவள். "பாரு, இந்த வயசுல ஆயாவுக்குப் பார்வை திரும்பி வந்திருக்கு" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். அதுவும் புரையின் வேலைதான். லென்ஸின் நடுப்பகுதி இறுகும்போது அதன் பவர் மாறி, கிட்டப்பார்வை கொஞ்ச காலத்துக்குத் தெளிவாகும், எட்டத்தில் இருப்பது அதே அளவுக்கு மங்கும். உங்கள் வீட்டில் பெரியவர் யாராவது திடீரென்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேப்பர் படித்தால் தயவுசெய்து கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, பஸ் நின்றது, முகாம்கள் நின்றன. அந்த வருஷமும் போனது, அடுத்த வருஷமும் போனது. மாமா பையன், அப்போது அவனுக்கு நாலு வயசு, ஒருநாள் ஆயா மடியில் உட்கார்ந்து முகத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு "ஆயா கண்ணுல பால் இருக்கு" என்றான். வலது கண்ணின் நடுவே கறுப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகத் தெரிந்தது. "பூ விழுந்திருக்கு" என்றார் மாமா. பூ விழுவது கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடி மாதிரியான படலத்தில் விழுகிற தழும்பு, அது வேறு. இது அதற்குப் பின்னால், லென்ஸே வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல ஆகிவிட்ட நிலை. இந்த இரண்டையும், மூக்குப் பக்கத்திலிருந்து வளர்கிற சதையையும் எங்கள் ஊரில் ஒரே பெயரில் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். பெயர் குழம்பினால் அவசரமும் குழம்பிப்போகிறது.

சரி, அந்த ஜனவரிக்கு வருகிறேன்.

2022 பொங்கல் முடிந்து அடுத்த வாரம், சனிக்கிழமை ராத்திரி. ஆயாவுக்குத் தலைவலி. நெற்றியின் வலது பக்கம், புருவத்துக்கு மேல், கண்ணுக்குள்ளிருந்து யாரோ நெட்டித் தள்ளுகிற மாதிரி என்றாள். "பனி தலையில இறங்கியிருக்கு" என்று அத்தை சுக்கை உரசிப் பற்றுப் போட்டாள். ராத்திரி பூராவும் புலம்பல். மறுநாள் ஞாயிறு. அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் முழு ஊரடங்கு, பஸ் கிடையாது. மருத்துவத்துக்குத் தடை இல்லை, 108-ஐக் கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும், ஆனால் தலைவலிக்கு யார் 108-ஐக் கூப்பிடுவார்கள் என்று இருந்துவிட்டார்கள். கண் சிவந்துவிட்டது. பக்கத்து வீட்டில் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டார்கள். அவர்கள் அன்பாகத்தான் செய்தார்கள், அந்தப் பூவைக் கண்மேல் வைத்தால் குளிர்ச்சி என்று காலம் காலமாக நம்பி வருகிறோம். ஆனால் கையால் பிழிந்த சாற்றில் கிருமி இருக்கும், அது கண்ணுக்குள் போனால் வேறு விபரீதம்.

திங்கட்கிழமை காலை மாமா அவளைப் பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டி வந்தார். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆயா வழி பூராவும் வாந்தி எடுத்தாள். யாரோ எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள், கண்டக்டர் கவர் கொடுத்தார், முன் சீட்டுக்கு மாற்றி உட்கார வைத்தார்கள். மலை வண்டி ஒத்துக்கொள்ளவில்லை என்று பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பேசிக்கொண்டார்கள். மாமா போனில் என்னிடமும் அதைத்தான் சொன்னார். கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு வாசலில் அவளை இறக்கும்போது நானும் அதைத்தான் நினைத்தேன். ஐம்பது வருஷமாக அந்த ரோட்டில் போய் வருகிறவள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு, மூட்டையோடும் குழந்தையோடும் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். ஒரு தடவை வாந்தி எடுத்ததில்லை. அது எங்கள் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

விளக்கைச் சுற்றி வளையம், பனி. தலைவலி, குளிர். வாந்தி, வளைவு. ஆயா எதையும் மறைக்கவில்லை, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள், நாங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து மலைமேல் போட்டோம்.

திங்கள் சாயங்காலம் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். பிரஷர் அதிகம், கேஸ் டிரபிள், கண் சிவப்பு "மெட்ராஸ் ஐ"யாக இருக்கும் என்று வாந்திக்கு ஊசியும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் எழுதினார்கள். அந்த டாக்டர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை. தலைவலியும் வாந்தியும் வயிறும் என்று சொல்லிக்கொண்டு போனது நாங்கள்தான், கண்ணைக் கடைசியாகத்தான் சொன்னோம். கண் சிவப்பில் இரண்டு விதம் இருக்கிறது என்று இப்போது தெரியும். மெட்ராஸ் ஐ என்றால் உறுத்தும், பீளை தள்ளும், ஒரு கண்ணில் வந்து மறு கண்ணுக்கும் தாவும், ஆனால் பீளையைத் துடைத்துவிட்டால் பார்வை பழையபடி இருக்கும். சிவப்போடு குடைகிற வலி, அந்தப் பக்கத்துத் தலைவலி, வாந்தி, பார்வை சட்டென்று மங்குதல் எல்லாம் சேர்ந்து வந்தால் அது வேறு. அதற்கு அன்றைக்கே, அந்த ராத்திரியே கண் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

செவ்வாய் முழுக்க ஊசியின் மயக்கத்தில் கிடந்தாள். புதன்கிழமை குடியரசு தினம், விடுமுறை. வியாழக்கிழமை காலையில் வலி தாங்காமல் சுவரில் நெற்றியை வைத்து முட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்த பிறகுதான் அம்மா "இது தலைவலி இல்லடி, கண்ணு" என்றாள்.

அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போன கண் மருத்துவமனையில் இருந்த டாக்டர் சின்னப் பெண். ஆயாவை உட்கார வைத்து, மேல் இமையை மூடச் சொல்லி, இரண்டு ஆள்காட்டி விரல்களால் இமைமேல் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். இடது கண், அப்புறம் வலது. அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. "கோலிக்குண்டு மாதிரி இருக்கு" என்று பக்கத்தில் இருந்த நர்ஸிடம் மெதுவாகச் சொன்னார். கருவி வைத்து அளந்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் சாதாரணமாக 10-லிருந்து 21 வரைக்கும் இருக்கும். ஆயாவுக்கு 58.

அப்புறம் விளக்கை அணைத்தார்கள். இடது கண்ணை ஒரு கறுப்புத் தட்டால் மூடி, அதற்குமேல் டாக்டர் தன் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டார், ஓரத்தில்கூட வெளிச்சம் கசியக் கூடாது என்று. வலது கண்ணுக்கு நேரே டார்ச்.

"பாட்டி, வெளிச்சம் தெரியுதா?"

ஆயா பேசவில்லை.

"இப்ப? மேலே இருந்து அடிக்கிறேன், இப்பத் தெரியுதா? இந்தப் பக்கம்?"

நாலு பக்கத்திலிருந்தும் காட்டினார். நான் ஆயாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், அந்த டார்ச் வெளிச்சம் அவள் தலையைத் தாண்டி என் கண்ணையே கூசியது. ஆயா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, காத்திருக்க வைக்கிறார்களே என்ற குரலில் கேட்டாள்: "இன்னும் நீ லைட்டப் போடலையா சாமி?"

டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு அவள் தோளில் கை வைத்தார். எங்கள் அம்மா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார் அந்த டாக்டர். கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும். கண்மணித் துளை வழியாக முன்பக்கம் வந்து, ஓரத்தில் சுற்றிலும் இருக்கிற சல்லடை மாதிரியான வடிகாலில் இறங்கிப் போய்விடும். ஊறுவதும் வடிவதும் சமமாக இருக்கிற வரைக்கும் கண் சௌக்கியம். லென்ஸ் அந்தத் துளைக்குப் பின்னால் ஒரு மெல்லிய உறைக்குள் இருக்கிறது. புரை முற்றும்போது சிலருக்கு அது தண்ணீரை இழுத்துக்கொண்டு ஊறின மொச்சைக்கொட்டை மாதிரி உப்பிவிடும். உப்பினது முன்னால், கண்மணித் துளையைச் சுற்றி இருக்கிற திரையைத் தள்ளும், திரை போய் ஓரத்து வடிகாலில் ஒட்டிக்கொள்ளும், நீர் இறங்க வழி இல்லாமல் கண் இறுகும். இன்னும் சிலருக்கு உப்பாமல், உள்ளே பால் மாதிரிக் கரைந்து உறை வழியாகக் கசியும், அந்தக் கசிவே வடிகாலை அடைக்கும். எப்படி அடைத்தாலும் அழுத்தம் ஏறி, பின்னால் மூளைக்குப் போகிற பார்வை நரம்பு நசுங்கும். அந்த நரம்பு செத்தால் திரும்ப முளைக்காது. "புரைன்னா எப்ப வேணாலும் எடுத்தாப் பார்வை வந்துடும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. லென்ஸ மாத்தலாம்மா, நரம்ப மாத்த முடியாது" என்றார்.

லைட்டைச் சுற்றி வளையம் தெரிந்ததாகச் சொன்னார்களா என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்கும்போது முன் படலத்தில் நீர் கோத்து, கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி ஆகும், அதன் வழியாகப் பார்த்தால் விளக்கு வானவில் வளையமாகத் தெரியும், அந்தச் சமயத்தில் வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அடுப்படி பல்பு என் கண்முன்னால் வந்து நின்றது.

அன்றைக்கு அழுத்தத்தைக் குறைக்கக் கை ரத்தக் குழாய் வழியாக மானிட்டால் ஏற்றினார்கள், அசிட்டசோலமைடு மாத்திரை கொடுத்தார்கள், சொட்டு மருந்துகள் விட்டார்கள். அழுத்தம் இறங்க இறங்க வலி இறங்கியது. சனிக்கிழமை அந்த முற்றின புரையை எடுத்தார்கள். பார்வை வராது, இருந்தாலும் எடுக்காவிட்டால் அழுத்தம் மறுபடி ஏறும், வலி திரும்பும், வலி தீராவிட்டால் கடைசியில் கண்ணையே எடுக்க வேண்டி வரும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஆபரேஷன் முடிந்த ராத்திரி ஆயா ஒரு வாரத்துக்கப்புறம் முதல் முறையாகத் தூங்கினாள். காலையில் எழுந்து, "வலி போச்சு சாமி, அது போதும்" என்றாள். ஒரு கண் போனது அவளுக்கு இழப்பாகவே படவில்லை, அந்த வலி போனதே பெரிய வரமாக இருந்தது. அதைக் கேட்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் நான் இதைப் பற்றிப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பேச ஆரம்பித்தேன், பேசப் பேச ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை வந்தது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்ற வைக்கிற வேலை பார்த்த ஒருவர், எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர், பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. கண்முன்னால் கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது என்று ஆரம்பித்து ஒருநாள் காலை எழுந்தால் ஒரு கண்ணில் சிவப்பும் கறுப்புமாகத் திரை. விழித்திரையில் புதிதாக முளைத்த நொய்ந்த ரத்தக் குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. அதுவரைக்கும் அவருக்கு வலியும் இல்லை, சிவப்பும் இல்லை, அதனால் கண் டாக்டரிடமே போனதில்லை. சர்க்கரை இருந்தால் பார்வை நன்றாக இருக்கும்போதே வருஷத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, வலி எதுவும் இல்லாமலே அழுத்தத்தில் நரம்பைத் தேய்க்கிற கிளாக்கோமா. ஓரப் பார்வையை முதலில் தின்னும், நடுப் பார்வை கடைசி வரைக்கும் நன்றாக இருப்பதால் ஆளுக்கே தெரியாது. அது குடும்பத்தில் வரும், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் நாற்பது வயசிலிருந்தே பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற சொட்டு மருந்தையும் சொல்ல வேண்டும். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பு உடனே வடியும், அதே மருந்தை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டால் அழுத்தமும் ஏறலாம், புரையும் வரலாம்.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொரு விஷயம். ஆயாவின் வலது கண் அந்த ஜனவரிக்கு எத்தனையோ மாதம் முன்பே பெரும்பாலும் போயிருந்தது, அது எங்கள் யாருக்கும் தெரியாது. ஏன் தெரியவில்லை? அவள் தன் வீட்டில் இருந்தாள். உப்பு எந்தத் தட்டில், கத்தி எந்த ஆணியில், வாசல்படி எத்தனை அடியில் என்று அவளுக்குக் கைக்கும் காலுக்கும் தெரியும். மீதியை இடது கண் பார்த்துக்கொண்டது. நாங்கள் ஒரு நாளாவது ஒரு கண்ணைப் பொத்திவிட்டு இன்னொரு கண்ணால் என்ன தெரிகிறது என்று கேட்டதில்லை. அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அவர்கள் பழகின அடுப்படியில் கேட்டால் பலன் இல்லை, வாசலில் வெளிச்சத்தில் நிற்க வைத்து, மூன்று மீட்டர் தள்ளி நின்று, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, எத்தனை விரல் என்று கேட்க வேண்டும், அப்புறம் அடுத்த கண். நல்ல கண்ணால் பார்த்தும் அந்தத் தூரத்தில் விரலை எண்ண முடியாவிட்டால் நம் நாட்டில் அதைப் பார்வையின்மை என்றே கணக்கில் சேர்க்கிறார்கள். அப்படி எண்ணிக்கையில் வருகிற எத்தனையோ பேர் மலையில் விறகு பொறுக்கிக்கொண்டும் ஆடு ஓட்டிக்கொண்டும் இருக்கிறார்கள், வயசான கண் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு.

பணம் இல்லையென்று நிற்க வேண்டியதே இல்லை. அரசு மருத்துவமனைகளில் லென்ஸ் வைத்து இலவசமாகச் செய்கிறார்கள், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது, முகாம் வழியாகப் போனால் வண்டியும் சாப்பாடும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். இதெல்லாம் எங்களுக்கு முன்பே தெரியும். தடுத்தது பணம் இல்லை, பறிப்பு முடியட்டும், மழை நிற்கட்டும், கல்யாணம் முடியட்டும், முத்தட்டும் என்பதுதான்.

ஆயாவின் இடது கண்ணைப் பங்குனியில் செய்தோம். அதிலும் புரை பாதி வளர்ந்திருந்தது, உள்ளே இடமும் குறுகலாகத்தான் இருந்தது, காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபது நிமிஷம். மறுநாள் கட்டைப் பிரித்ததும் ஆயா முதலில் பார்த்தது தன் சேலையை. "இது வெள்ளையா? நான் மஞ்சக் கலருன்னு இருந்தேன்" என்றாள். புரை படிந்த லென்ஸ் மஞ்சளடித்துப்போய் நீலத்தை உள்ளே விடாது, அதை எடுத்ததும் நீலமும் வெள்ளையும் பளிச்சென்று திரும்பி வரும். ஊருக்குப் போனதும் அவள் செய்த வேலை அடுப்படியில் இருந்த எல்லாப் பாத்திரத்தையும் வாசலில் கொண்டுவந்து போட்டதுதான். சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றின் அடியையும் தேய்த்தாள். டாக்டர் குனியக் கூடாது, சொட்டு மருந்து முடிகிற வரைக்கும் தூசியில் உட்காரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று அத்தை கத்திக்கொண்டிருந்தாள், காதிலேயே வாங்கவில்லை. காப்பி போடுகிற ஈயம் பூசின போசியைத் திருப்பித் திருப்பி இடது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "இந்தக் கரியோடவா சாமி உங்களுக்கெல்லாம் காப்பி வச்சுக் குடுத்தேன், ஒருத்தராச்சும் சொல்லியிருக்கக் கூடாதா" என்றாள். எங்களுக்குத் தெரியும், பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். வயசானவளிடம் போய் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டோம்.

இப்போது வலது பக்கத்திலிருந்து யாராவது வந்தால் அவளுக்குத் தெரியாது, முழுத் தலையையும் திருப்பிப் பார்ப்பாள். நாங்கள் அவளுடைய இடது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறோம். மாமாவுக்கும் அம்மாவுக்கும் கண் அழுத்தம், வடிகால் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அம்மாவுக்கு வடிகால் குறுகலாக இருக்கிறது என்று லேசரில் சின்னத் துளை போட்டிருக்கிறார்கள்.

போன வாரம் ஆயா போன் பண்ணினாள். ரேஷன் கடை வாசலில் வரிசையில் நிற்கிற கிழவிகளை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, "இந்தக் கண்ணப் பொத்து, எத்தனை விரல் சொல்லு" என்று தானே பார்த்து வைத்திருக்கிறாள். அடுத்த முகாமுக்கு மூன்று பேர் வருகிறார்களாம், நாலாவது ஆள், அவளோடு தோட்டத்தில் ஒரே வரிசையில் பழம் பறித்தவள், மட்டும் பறிப்பு முடியட்டும் என்கிறாளாம்.

"நீ நாலு பேருக்கும் பேரு குடுத்துடு கண்ணு. அவளக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வர்றது என் பொறுப்பு."